ஏழாம் வாசல்

பன்னிரண்டு வாசல் இந்த அரங்கத்துக்கு.
சாவிக்கொத்து என் இடுப்பில்.
ஆனி பிறந்தால்
ஆரல்வாய்மொழிக் கணவாய் ஊதத் தொடங்கும்.
அந்தப் பக்கம் காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம்.
இந்தப் பக்கம் கோணத்தில் நான்
ஒவ்வொரு கதவாகப் போய்
காற்றை வெளியே நிறுத்துகிறேன்.
ஐந்து கிராம் இறகுப்பந்து,
அதற்கு இத்தனை பெரிய சுவர்.

ஏழாம் வாசலின் ரப்பர் பட்டை மட்டும் பிய்ந்து கிடக்கிறது.
மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று.
அந்தக் காகிதம் எந்த மேசையிலோ
ஃபேனில் பறக்காதபடி
கல் தூக்கி வைத்திருப்பார்கள்.

சனிக்கிழமை இறுதிப் போட்டி.
முட்டத்திலிருந்து ஒரு பிள்ளை, சகாய ஷெர்லின்.
குருசடி முற்றத்தில்
கிழிந்த மீன்வலையைக் குறுக்கே கட்டிப் பழகியவள்.
அடிக்கிற ஒவ்வொன்றும் கோட்டுக்கு ஒரு சாண் வெளியே,
இடது பக்கமே, அளந்து வைத்ததுபோல.
"கண்ணு தெரியலியா மக்கா?"
கேலரியில் எவனோ.

பிள்ளை பிசகவில்லை.
இல்லாத காற்றுக்கு ஈடு கொடுத்து அடிக்கிறாள்.
அந்த ஒரு சாண்
கடல் அவள் மணிக்கட்டில் வைத்தது.

ஏழாம் வாசலுக்குப் போனேன்.
தாழ்ப்பாளில் விரல்.
ஒரு விரற்கடை திறந்தால் யாருக்குத் தெரியும்?
காற்று என்ன, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டா வரும்?
முதல் ஆட்டம் பதினொன்றுக்கு இருபத்தொன்று.
இரண்டாவது இருபதுக்கு இருபத்திரண்டு.
விரல் தாழ்ப்பாளிலேயே இருந்தது.
முடிந்துவிட்டது.

அன்று ராத்திரியே கச்சேரி.
பாய்களைச் சுருட்டினோம்.
மஞ்சள் கோடு, வெள்ளைக் கோடு எல்லாம்
கம்பளத்துக்குக் கீழே போயிற்று.
இரண்டாயிரம் நாற்காலி போட்டு நிமிர்ந்தால்
சவுண்டு பையன் காதைப் பொத்திக்கொண்டு வருகிறான்:
"யாரோ விசில் அடிக்கிறாங்க சார், ஒரே சுதியில."
எனக்குத் தெரியும் யாரென்று.
என் துவர்த்தை முறுக்கி இடுக்கில் திணித்தேன்.
பாட்டு நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.
நான் உள்ளங்கையால் கேட்டது
துணிக்குப் பின்னால் துடித்துக்கொண்டிருந்ததை.

திங்கள், விடியும் முன்.
முதல் பஸ்ஸில் வந்து இறங்கி
வாசலில் நிற்கிறாள், தோளில் மட்டை.
"அண்ணே, அண்ணைக்கு எதுக்கு அந்தக் கதவுகிட்ட நின்னிய?"
"காத்து கசியும். அதான்."
என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"நல்லா அடைச்சுப் போடுங்க.
காத்தில்லாமப் பழகணும்."

பன்னிரண்டையும் அடைத்தேன்.
ஒரு சாண் வெளியே.
ஒரு சாண் வெளியே.
நான் நாற்காலிகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தேன்,
எண்ணிக்கை இருமுறை தப்பியது.
ஏழரைக்கு ஒரு பந்து
கோட்டின் மேலேயே விழுந்து கிடந்தது.
அதை எடுக்காமல் நின்றாள்.

முகம் துடைக்கத் துவர்த்து உண்டா என்று கேட்டாள்.
ஏழாம் வாசலில் இருக்கிறது என்றேன்.