கையில் ஏழு கட்டங்கள்

மணல் ஒட்டினால் அந்தக் கிறீம் சரிவராது.
நான் படித்த படிப்பு இவ்வளவுதான்.

காலையில், நிலாவெளிக் கரையில்,
எஞ்சினுக்கு எண்ணெய் விட முன்னம்
இடது கையைத் துடைத்துப்போட்டு
நெருப்புப்பெட்டி அளவில் ஒரு கட்டம் பூசுவேன்.
கொஞ்சம் பொறுத்து
ஒரு பிடி மணலை அதன்மேல் தூவி உதறுவேன்.
முதலாவதில் மணல் அப்படியே நின்றது,
பொரிக்கப்போகிற மீனில் மா நிற்கிறமாதிரி.
இரண்டாவது இனிப்பு வாசம். இலையான் வந்தது.
மூன்றாவது,
புறாத்தீவுக்குப் போய்த் திரும்புவதற்குள்
வியர்வையோடு வடிந்து
சேர்ட் கையில் மஞ்சளாய்க் கிடந்தது.
விமலேஸ்வரி இரண்டுதரம் தோய்த்தாள். போகவில்லை.

எனக்கில்லை இது.
நான் சட்டிக் கரி, என்னை வெயில் இனி என்ன செய்யும்?
லதுசனுக்கு.
மயிர், புருவம், இமை எல்லாம் வெள்ளையாய்ப் பிறந்தவன்.
ஆஸ்பத்திரியில் தோல் டொக்டர் துண்டில் எழுதித் தந்தார்:
வெயில் படக்கூடாது.
திருகோணமலையில்.
வெயில் படாமல்.
அவருக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

அங்கே தந்த களிம்பைக் குறை சொல்லமாட்டேன்.
சுவருக்கு அடித்த சுண்ணாம்புபோலத் தடிப்பாய் நிற்கும்.
ஆனால் பெடியன் லெக் ஸ்பின் போடுகிறான்.
விரல் வழுக்கினால் பந்து திரும்பாது,
நேரே போய்ச் சிக்ஸராய் மதிலைத் தாண்டும்.
அதனால் களவாய்க் கையை மட்டும் கழுவிவிட்டு
மைதானத்துக்கு ஓடுவான்.
இரவில் அவன் புறங்கை
அவித்த இறாலின் நிறத்தில் இருக்கும்.
சாப்பிட வலது கையை நீட்டவேண்டுமே,
பசிக்கவில்லை அம்மா என்பான்.

என்.சி. வீதியில் ஒரு பாமசியில்
"வெள்ளைத் தோலுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டேன்.
நிற்கிற தம்பி
வெள்ளையாக்கும் கிறீமாய் எடுத்து அடுக்கினான்.
"ஆள் ஏற்கெனவே வெள்ளை" என்றேன்.
என்னை மேலும் கீழும் பார்த்தான்.

தள்ளி இன்னொரு கடை. நஸ்மியா மிஸ்
ஒன்றையும் அடுக்கவில்லை.
"மகன் எந்தக் கையால பந்து போடுறவர்?" என்று கேட்டா.
உள்ளே போய்த் தண்ணீர்மாதிரி ஒரு போத்தல் கொண்டுவந்தா.
விலையைச் சொல்லிவிட்டு
கல்லாவைத் திறந்து வேறேதோ தேடினா.
இரண்டு ட்ரிப் காசு.
"அவசரப்படாதேங்கோ, முதல் இதைப் பூசிப் பாருங்கோ"
என்று மாதிரிப் பைக்கற் நாலு தந்தா.

அது ஏழாவது கட்டம்.
மணல் ஒட்டவில்லை.
நாலு நாள் நடுக்கடலில் கையை வெயிலுக்குக் கொடுத்தேன்.
மற்றக் கட்டமெல்லாம் கையோடு சேர்ந்து கறுத்துப்போக
இது மட்டும்
மார்கழி மாதத்து நிறத்தில் இருந்தது.

போன கிழமை படகில் ஒரு வெள்ளைக்காரி,
மூக்கெல்லாம் புள்ளி விழுந்த இரண்டு பிள்ளைகள்.
சின்னவள் கண்ணில் கிறீம் இறங்கிக் கத்துகிறாள்,
பூசின முதுகெல்லாம் மணல்,
துடைக்கத் துடைக்க அரைக்கிறது.
இங்கிலீசில் என்னிடம் இருப்பது
போட், ஃபிஷ், நோ ப்ரொப்ளம்.
கையை நீட்டிக் காட்டினேன்.
அவள் விரலால் ஒவ்வொரு கட்டமாய்த் தடவி வந்து
ஏழில் நின்று நிமிர்ந்தாள்.
போத்தலைக் கொடுத்தேன். கொஞ்சமாய்த்தான் எடுத்தாள்,
தன் பிள்ளைக்கு இல்லாததை எடுப்பவள்மாதிரி.

சனிக்கிழமை நாலு மணி.
மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்:
"போடடா சுத்தா! போடடா!"
இரண்டு வருசத்துக்கு முன்னம்
இதே சொல்லுக்கு அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தவன்.
எட்டிப் பார்க்கவில்லை.
பார்த்தால் அவனுக்குக் கை நடுங்கும்.

இரவு சோற்றைக் குழைத்து
இன்னும் கொஞ்சம் சொதி கேட்டான்.
"பந்து திரும்பிச்சுதா?"
"ஒண்டு திரும்பினது."

போத்தலைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்,
அடியில் கிடப்பது வாய்க்கு இறங்கட்டும் என்று.