பதிவு இல்லை

பொன் நகரிலிருந்து வந்திருக்கிறது.
பெயரில்தான் பொன்.
உள்ளே வெளிறிய பச்சையில் ஒற்றைத் தாள்,
ஒரு கழுகு, என் பெயர்,
பிறந்த ஊர் எழுத்துப்பிழையோடு,
கீழே இரண்டே சொல்:
பதிவு இல்லை.

பதின்மூன்று யூரோ கட்டினேன் இதற்கு.
சும்மா இருந்ததற்குச் சான்று
இந்த நாட்டில் இவ்வளவு முடிகிறது.

வுப்பர்டாலில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தை மூடியபோது
பத்தொன்பது வருடம் முடிந்திருந்தது எனக்கு.
படுக்கைவிரிப்புகள் இப்போது லொறியில் போலந்து போய்த்
தோய்ந்து வருகின்றனவாம்,
என்னைவிட ஊர் பார்த்தவை.
வேலை அலுவலகத்தில் டீட்மான் அம்மா கேட்டார்:
"வேறென்ன தெரியும்?"
இந்த மேடுகளில் எந்த பஸ் எங்கே மூச்சு வாங்கும்,
அது தெரியும் என்றேன்.
பகிடிக்குத்தான் சொன்னேன்.
அவர் அதைத் தட்டச்சு செய்துவிட்டார்.

நாற்பத்தெட்டு வயதில் மறுபயிற்சி.
கண் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள்,
சிவப்புக்குக் கால், மஞ்சளுக்குக் கை என்று
ஒரு பெட்டிமுன் இருத்திப் பதற்றத்தை அளந்தார்கள்.
ஃப்ளென்ஸ்பேர்க்கில் புள்ளி உண்டா என்று துருவினார்கள்.
இங்கே புள்ளி இரண்டு வகை.
வீதியில் பிழைவிட்டால் ஏறும் புள்ளி, கூடாதது.
ஓய்வூதியத்தில் சேரும் புள்ளி, நல்லது.
நான் இரண்டிலும் பெரும்புள்ளி இல்லை.

பிறகு அந்த ஓட்டை.

"தொண்ணூற்றேழிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை
என்ன செய்தீர்கள்?"
பேனையின் பின்முனையால் தட்டிக் காட்டினார்
பஸ் கம்பனி ஆள்.
ஓட்ட வந்தவளிடம்
ஓட்டையைப் பற்றித்தான் முதல் கேள்வி.

அந்த இரண்டு வருடம் நான் புஷ்பகாந்தி.
எல்பர்ஃபெல்டில் ஓர் இத்தாலியன் கடை, பின்வாசல்,
அவளுடைய அட்டை, அவளுடைய வரி எண்,
அவளுடைய பிறந்தநாளுக்கு எனக்கொரு கேக் துண்டு.
"காந்தி!" என்று யாரும் கூப்பிட்டால்
கோப்பை கழுவும் கை தானாக நிற்கும்.
இன்றும் சிலவேளை நிற்கும்.
அகதி மனு யாருடையதோ மேசையில் கிடந்த காலம்.
வேலை செய்ய எனக்கு அனுமதி இல்லை.
ஏஜென்சிக் கடனுக்கு மட்டும்
வட்டி ஏற அனுமதி இருந்தது.

சம்பளம் அவள் கணக்கில் விழும்.
வெள்ளிக்கிழமை, மழையோ பனியோ,
கடித உறைக்குள் கொண்டுவந்து தருவாள்.
ஒரு பெனிக் குறைந்ததில்லை.
ஆனால் புள்ளி?
அதை எப்படி உறையில் போடுவது?
வருடாவருடம் ஓய்வூதியக் கடிதம் வந்ததும்
தொலைபேசியில் சிரிப்பாள்:
"உன்ரை கோப்பையள் இந்தமுறை
முப்பத்தேழு யூரோவடி!"

"குடும்பக் காரணம்," என்றேன் அந்த மனிதரிடம்.
அப்போது எனக்குக் குடும்பமே இல்லை.
தலையாட்டி எழுதிக்கொண்டார்.
இரண்டு குளிர்காலம், எண்ணெய்ப் பிசுக்கு, வெடித்த விரல்கள்
எல்லாம் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் போய்விட்டன.

பச்சைத் தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கமும் பதிவு இல்லை.

தனியே ஓட்டிய முதல் நாள்,
பன்னிரண்டு மீற்றர் பஸ், வைகாசி மழை,
இத்தாலியன் கடை இருந்த இடத்தில்
இப்போது ஃபோன் திருத்துகிறார்கள்.
அந்தத் தரிப்பில்
குடையை உதறிக்கொண்டு ஏறினாள் புஷ்பகாந்தி.
சொல்லாமல்தான் வந்திருந்தாள்.
மாத அட்டையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.
பார்த்தேன், பார்க்கத்தானே சம்பளம்.
அவளுடைய முகம், அவளுடைய பெயர்.
"உள்ளே வை," என்றேன்.
"ஏன், நீ பாவிக்காத அட்டையோ?" என்றாள்.

பின்னால் ஆட்கள் நனைந்துகொண்டு நின்றார்கள்.
கண்ணாடியைச் சரிசெய்து
கதவை மூடினேன்.