வியாழக்கிழமைப் பை

தவணை வசூலிக்க நான் ஏறும்போதே
பைக் சத்தத்துக்கு
மேட்டு லயம் முழுக்கக் குரைக்கும்.
இன்று ஒன்றின் குரைப்பு
முன்சில்லில் கீச்சென்று முறிந்தது.

ரசீதுப் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகி
பையை நெஞ்சுப் பக்கம் திருப்பினேன்.
குட்டியை இறக்கி, கழுத்துவரை சிப்பை இழுத்து,
பட்டியைப் பை வளையத்தில் கொளுவினாள் தவமலர்.
"வளைவுல பாஞ்சிரும் சார்."
மூன்று வாரமாகக் கட்டாதவள்.

தலவாக்கலை வரை இரண்டாம் கியர்.
பனி. கொழுந்து லொறியொன்று உரசிப் போனது.
பள்ளங்களைச் சீட்டைவிட்டு எழும்பி
முழங்காலில் வாங்கிக்கொண்டேன்.
நாடிக்குக் கீழே ஈர மூக்கு
பெட்ரோலையும் என்னையும்
மாறிமாறி மோந்தது.

பெயரென்ன என்றார் வைத்தியர்.
கேட்டு வைக்கவில்லை.
வாயில் வந்தது
தவமலரின் கடன் இலக்கம்.