வயிறு எந்தப் பக்கம்

'பே' எழுத்துக்கு வயிறு வலப்பக்கம்,
'தே'க்கு இடப்பக்கம்.
என் ஜந்தீராவுக்கு இரண்டும் ஒன்றே.
நோட்டெல்லாம் ரப்பர் தேய்த்த ஓட்டை.

செவ்வாயும் வியாழனும்
மீன்கிடங்குக்குப் பின்னால் கப்போயிரா.
ஒற்றைக் கம்பியில் பெரிம்பாவ் முனகும்.
இடக்கால் பின்னே போனால்
இடக்கை முகத்துக்குக் குறுக்கே.
மூன்று வாரம்
கைக்கும் காலுக்கும் சண்டை.
எதிரே நின்ற எதெனில்சன் சிரிக்கவில்லை,
அவனும் விழுந்துகொண்டிருந்தான்.

எங்கள் ஊர் கஷோயிரா.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாவ் பெலிஸ்.
நடுவே இரும்புப் பாலம்;
அதில் ரயில் நின்றுவிட்டால்
இரண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.
அவள் மண்டைக்குள்ளும்
ஏதோ ரயில் நின்றிருக்க வேண்டும்.
டாக்டர் வேறு பேர் சொன்னார்,
எழுதிக்கொண்டேன்,
தொலைத்துவிட்டேன்.

நேற்று ராத்திரி
மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தேன்.
மேசைக்கு மேலே அசையாத தலை.
கீழே செருப்பில்லாத கால்
பின்னே, முன்னே, பின்னே.
பென்சில் நின்றது.
இடக்கை முகத்துக்குக் குறுக்கே
ஒருதரம் போய்வந்தது.
எழுதினாள்: 'தேதோ'. விரல்.
இரண்டு வயிறும் இடப்பக்கம்!

அடுத்தது 'போலா', பந்து.
அதில் வயிறு இடம் மாறிப் போயிற்று.
ரப்பரைத் தேடவில்லை.
காலை மாற்றி வைத்தாள்.