இடது திரும்பாத படகு

மாஞ்சோலைத் தடத்தில் எட்டு வருசம்.
கொண்டை ஊசி ஒவ்வொன்றும்
என் தோள்பட்டைக்குத் தெரியும்:
எங்கே கியரைக் குறைப்பது,
எங்கே ஹாரனை நீட்டி அடிப்பது,
பின்சக்கரம் எந்தக் கல்லை உரசாமல் வரும் என்பது.
அப்படிப்பட்ட நான்
முழங்கை நீளப் படகு ஒன்றை
வலப்பக்கம் திருப்பத் தெரியாமல்
ஆனி மாசம் முழுக்க
சேரன்மகாதேவிக் குளத்தில்
நீந்திப் போய் எடுத்து வந்துகொண்டிருந்தேன்.

படகு என் கைவேலை.
மூன்று மில்லிமீட்டர் பிளைவுட்,
கவுச்சி போல நாறும் பிசின்,
கோயமுத்தூரிலிருந்து பார்சலில் வந்த மோட்டார்.
நேராக விட்டால்
காடாத் துணி கிழிகிற சத்தம்.
நாமக்கோழிகள் நாணலுக்குள் ஓடும்.
வளைவில்தான் மானக்கேடு.
ரிமோட்டைத் திருகினால் மூக்கு திரும்பும்,
உடம்பு திரும்பாது.
எண்ணெய் சிந்திய தரையில் தள்ளிவிட்ட பெஞ்சு மாதிரி
பக்கவாட்டில் வழுக்கிப் போகும்.
வெளிவிளிம்பு தண்ணீரில் தட்டும்.
அப்புறம் மஞ்சள் தெரியும்.

கவிழ்ந்தால் கண்ணில் படட்டும் என்று
அடிவயிற்றில் மஞ்சள் பூசியிருந்தேன்.
அந்தப் படகில்
நினைத்தபடி வேலை செய்தது அது ஒன்றுதான்.

டிப்போ மெக்கானிக் சற்குணத்துக்கு
படகும் தெரியாது, நீச்சலும் தெரியாது.
கரையில் செருப்பைக் கழற்றாமல் நின்று கேட்டார்:
“சுக்கானைப் பெரிசாக்கிப் பாத்தீரா?”
“ரெண்டு தடவ.”
“வே, அது மூக்கைத் திருப்பும். பிடிச்சு நிக்காது.
ரோட்டுல உமக்கு டயர் இருக்கு.
இங்க என்னவே இருக்கு?”

அன்று ராத்திரி தூங்கவில்லை.
எட்டு வருசமாய் பஸ்ஸை
நான் திருப்புகிறேன் என்றிருந்தேன்.
பாதி வேலையை ரோடு பார்த்திருக்கிறது.

காயலானில் கிடந்த பழைய ஊர்ப்பலகையை
சற்குணம் வெட்டிக் கொடுத்தார்.
அலுமினியத் துடுப்பு, உள்ளங்கை அகலம்.
படகின் வலப்பக்கம், பின்னால்,
தண்ணீருக்குள் செங்குத்தாய் இறங்குகிறபடி.
முதல் துடுப்பு ஒரு நூல் கோணல்:
நேர் ஓட்டத்திலேயே படகு நொண்டியது.
நிமிர்த்தினோம்.
பிடித்தது, பாதி வளைவில் விட்டது.
முன்விளிம்பு மழுங்கல்;
மேலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டு
நுரையில் நழுவியது.
அரம் போட்டேன். சவரக்கத்தி ஆகும் வரைக்கும் போட்டேன்.
கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.
பாட்டரியை அரை இஞ்ச் வலப்பக்கம் நகர்த்தி
வெல்க்ரோ போட்டுக் கட்டினேன்.

புதன், வார ஓய்வு.
கணவாய்க் காற்று எழும்புமுன், ஆறே கால் மணி.
முழு வேகம். வலப்பக்கம் திருகினேன்.

நட்டு வைத்த கம்பைப்
பிடித்துக்கொண்டு சுற்றுகிற பிள்ளை போல
படகு திரும்பியது.
வேகம் குறையவில்லை.
வால் விசிறிய தண்ணீர்
சற்குணத்தின் சட்டையில்.
அவர் துடைக்கவில்லை.
“ஏ யப்பா” என்றார். மறுபடி “ஏ யப்பா”.

உற்சாகத்தில் இடப்பக்கம் திருகினேன்.
மஞ்சள்.

நீந்திப் போனேன்.

“அந்தப் பக்கமும் ஒண்ணு மாட்டிருவமா?”
பலகை மீதம் இருந்தது.
துடுப்பு இரண்டானால் இழுவை கூடும்,
நேரில் வேகம் செத்துப்போகும் என்றேன்.
உண்மைதான்.
ஆனால் உண்மையான காரணம் வேறு;
அதை அவரிடம் சொல்லவில்லை,
எனக்கே சரியாகச் சொல்ல வரவில்லை.
மலையில் அப்படி ஒரு சலுகை
ஒருநாளும் கிடைத்ததில்லை.
இடது வந்தால் இடதுதான்,
ஐம்பது பேரும் பலாப்பழ மூட்டையும்
என் கைக்குப் பின்னால் சாய்வார்கள்.

இப்போது இடப்பக்கம் போக வேண்டுமானால்
வலப்பக்கமாய் முக்கால் வட்டம் அடிக்கிறது.
பலகையிலிருந்து தப்பிய “லை” என்ற எழுத்து
தண்ணீருக்கடியில் கூடவே ஓடுகிறது.
அந்த முக்கால் வட்டத்தின் நடுவில்
நாமக்கோழி ஒன்று, நாணலுக்கு ஓடாமல்,
கழுத்தை மட்டும் திருப்பித் திருப்பி
படகைப் பார்த்துக்கொண்டிருந்தது.