உதடு ஒட்டும் எழுத்து

நாலு ரோடு கடையில் வாங்கிய டிவியை
இருபது கொண்டை ஊசி வளைவும்
படுக்கவைக்காமல் நிற்கவைத்தே
மினி லாரியின் பின்னால் பிடித்துக்கொண்டு வந்தேன்.
பதினோராவது வளைவில் ஒரு குரங்கு
அட்டைப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து
அடுத்த வளைவுவரை கூடவே வந்தது.
சூசை வண்டியை நிறுத்தவில்லை.

நாகலூரில், ஓதம் ஏறிய சுவரில்
மாட்டியாயிற்று.
பரீட்சை அட்டையைவிடக் கொஞ்சம் தடிமன்.
முதுகைத் தடவிப் பார்த்தால்
மஞ்சள் சிவப்பு வெள்ளை
மூன்றுக்கும் ஓட்டை கிடையாது.
டிவிடி பிளேயர் வாலை நீட்டிக்கொண்டு நிற்கிறது.
அதன் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர்,
ஐந்து ஸ்பீக்கர், ஒன்றில் குளவிக் கூடு.
பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்றேன்.
"எடுக்காதே."

மறுபடி கீழே. மறுபடி இருபது.
மூன்று நிறத்தையும் வாங்கி
ஒற்றைத் தட்டை முனையாகத் தரும் சின்னப் பெட்டி ஒன்று,
வெளிச்சத்தில் ஓசை போகுமாம், அந்தக் கம்பி ஒன்று,
எழுநூற்று எண்பது ரூபாய், பில் கிடையாது.

செருகினோம். ஊமை.
மெனுவுக்குள் மெனுவாக ஒரு மணி நேரம்.
கடைசியில் பார்த்தால் கம்பியின் முனையில்
கண்ணுக்கே தெரியாத கண்ணாடித் தொப்பி,
கழற்றாமல் செருகியிருக்கிறோம்.
பல்லால் இழுத்தேன்.
உள்ளங்கையில் விழுந்தது
சிவப்பாய் ஒரு பொட்டு வெளிச்சம்.

அப்புறம் சத்தம் வந்தது பாருங்கள்,
குளவிகள்தான் முதலில் வெளியேறின.

ஆனால் ஏதோ கோணல்.
எங்கள் மேட்டிலிருந்து பார்த்தால்
கீழே சேலத்தில் மின்னும்,
இருபது, இருபத்தைந்து என்று எண்ணிய பிறகே
இடி மலையேறி வரும்.
இந்தப் பெட்டியில் இடி முதலில், மின்னல் பிறகு.
படத்தை அது மெருகேற்றி முடிப்பதற்குள்
குரல் கிளம்பிப் போய்விடுகிறது.
குரலைக் காக்கவைக்க ஓர் எண் உண்டு,
பூஜ்யத்திலிருந்து இருநூற்றைம்பது வரை,
நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் டீச்சர்.
உதடு ஒட்டாத எழுத்துகளை மட்டும் கோத்து
நிரோட்டகம் பாடினார்கள் என்று சொன்னால்
பிள்ளைகள் வாயைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும்.
சூசை வீட்டில் பேசுவது அதேதான்.
சரி. ஏன். இந்தா. என்னடி. எடுக்காதே.
இதில் எங்கே இருக்கிறது ப, எங்கே ம?

எண்ணைப் பிடிக்க எனக்கு ஒரு ப வேண்டும்.
செய்தி வாசிப்பவள் உதட்டை
ஓடுகிற எழுத்து பாதி மறைக்கிறது.
சீரியலில் எல்லோரும்
வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார்கள்.
மற்ற சேனலில் வாய் ஒரு மொழி, குரல் ஒரு மொழி.

பீரோவைத் திறந்து சூசையே எடுத்து வந்தார்
எங்கள் கல்யாண டிஸ்க்கை.
கேசட்டிலிருந்து ஏற்றியது. ஓரமெல்லாம் புழு நெளியும்.
அந்த வீடியோக்காரருக்கு முகங்கள் போதாது,
சாமியார் சொல்லச் சொல்ல
மாப்பிள்ளை திருப்பிச் சொல்லும் இடத்தில்
திரை முழுக்க ஒரு வாய்,
மேலுதட்டில் வியர்வை, அரும்பு மீசை:
பிலோமினா.

பூஜ்யத்தில், வாய் மூடியிருக்கும்போதே
யாரோ என்னைப் பின்னாலிருந்து கூப்பிட்டார்கள்.
அறுபதில், கொஞ்சம் கிட்டத்தில்.
இருநூறில், கூப்பிட்டு முடித்து
வாய் ஓய்ந்த பிறகு வந்தது பெயர்.
முன்னால், பின்னால், முன்னால்.
சூசை ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் முழங்கால் போட்டு
ஆடுகிற முனையை விரலால் அழுத்தியபடி,
பல்லிடுக்கில் டார்ச்.
ஒவ்வொரு தடவைக்கும் டார்ச் வெளிச்சம்
சுவரில் ஏறி இறங்கியது.

நூற்று நாற்பதில்
பி ஒட்டியது.
மி ஒட்டியது.

டார்ச்சை எடுத்துவிட்டு,
"சரியா?"

இன்னும் ஒட்டவில்லை என்றேன்.
நூற்று ஐம்பதுக்குத் தள்ளி
மறுபடி பின்னால் ஓட்டினேன்.