சிவப்புக் கோடு

எரிபொருள் குழாயின் நட்டை
விரலால்தான் பூட்டியிருந்தேன்.
ஸ்பனர் எடுக்கத் திரும்பியபோது
மர்சூக் பிளேன்டீ கொண்டுவந்தான்,
இஞ்சி போட்டது.

இறுக்கி முடிந்தால் நட்டின் மேல்
சிவப்பில் ஒரு கோடு இழுக்க வேண்டும்.
தாளில் சரி போட்டேன், ஒப்பமும் வைத்தேன்.
நட்டில் கோடு இல்லை.

சீனக்குடாவில் எழும்பி
நாலாவது நிமிடம்
எஞ்சின் இருமியதாம்.
தம்பலகாமத்தில், கதிர் பால்பிடித்த வயலில்
மூக்குக் குத்தி நின்றது.
ஓட்டப் பழகிய பெடியனுக்கு இடுப்பெலும்பு.
வயற்காரர் நட்டஈடு கேட்டார்,
எட்டு மூட்டைக்கு.
ஆஸ்பத்திரிக்குப் போனேன்.
வார்டு வாசலோடு திரும்பினேன்.

விசாரணையில் கேட்டார்கள்:
பத்து பத்துக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்?

தேத்தண்ணி குடித்தேன்.

எழுதிய கை ஒருகணம் நின்றது.
பிறகு அதையும் எழுதியது.

இப்போது வீட்டில்
காஸ் சிலிண்டர், கிணற்று மோட்டார்,
மகளின் சைக்கிள் அச்சு, ஜன்னல் கொண்டி,
தொட்டதிலெல்லாம் சிவப்புக் கோடு.
பெனடிக்டா ஒன்றும் சொல்வதில்லை.
நேற்று, கலியாண வீட்டுக்கு வெளிக்கிடும் நேரம்,
நகப்பூச்சுப் போத்தலைத் தேடினாள்.
அலுமாரி, மேசை, கட்டிலடி.

என் சட்டைப் பையில் இருந்தது.